இரவு முழுக்கப் பட்டினி கிடந்தது நர்ஸா? ஆங்கிலத்தில் தொங்கும் தொடர்கள்

கேள்வி – ஜூன் 2, இரவு 9.40

வங்கித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். பிழை கண்டுபிடிக்கும் பகுதியில் ‘டாங்ளிங் மாடிஃபையர்’ (தொங்கும் தொடர்) என்று ஒன்று வருகிறது. ‘வாக்கிங் டவுன் த ரோட், த டெம்பிள் கேம் இன்டு வ்யூ’ தப்பாம். கோயில் நடந்து வராது என்று யாருக்குத்தான் தெரியாது? தமிழில் இந்தத் தொல்லையே கிடையாது. மார்க் பிடுங்குவதற்காகவே உண்டாக்கிய விதி என்று நினைக்கிறேன். இல்லை என்பவர்கள் சொல்லுங்கள். திருத்த ஒரு சுலப வழி இருந்தால் அதையும் சொல்லுங்கள்.

ஜூன் 2, இரவு 10.55

கோயில் நடக்காது என்று தெரிவதால்தான் அந்த உதாரணம் உங்களுக்கு வீண் வேலையாகத் தெரிகிறது. தேர்வுப் புத்தகங்கள் எல்லாம் சிரிப்பு மூட்டும் வாக்கியமாகத் தேடிப் பிடித்துப் போடுகின்றன. சிரிப்பு வந்தால் பிழை தெரிந்துவிட்டது என்று அர்த்தம், யாருக்கும் நஷ்டமில்லை. சிரிப்பே வராமல், பார்க்க யோக்கியமாக இருந்துகொண்டு, ஒருவர் செய்த வேலையை இன்னொருவர் தலையில் கட்டிவிட்டுப் போகும் வாக்கியம்தான் தலைவலி.

சென்னையில் காப்பி எடிட்டராக இருக்கிறேன். வெளிநாட்டு மருத்துவ இதழ்களுக்குப் போகும் ஆய்வுக் கட்டுரைகளைத் திருத்துவதுதான் பிழைப்பு. அங்கே அடிக்கடி பார்க்கும் ரகம் இது (சொற்களை மாற்றியிருக்கிறேன். ஆங்கிலத்தைத் தமிழ் எழுத்திலேயே தருகிறேன், வாய்விட்டுப் படியுங்கள், கண்ணைவிடக் காது சீக்கிரம் பிடிக்கும்): ‘ஆஃப்டர் ஃபாஸ்டிங் ஓவர்நைட், த நர்ஸ் ட்ரூ ப்ளட் ஃப்ரம் த பேஷன்ட்ஸ்.’ எழுதிய டாக்டர் சொல்ல வந்தது நோயாளிகள் பட்டினி கிடந்தார்கள் என்று. வாக்கியம் சொல்வது, ராத்திரி முழுக்க ஒன்றும் சாப்பிடாத நர்ஸ் காலையில் வந்து ரத்தம் எடுத்தார் என்று.

நடப்பது இதுதான். கமாவுக்கு முன்னால் ஒரு வேலை நடந்திருக்கிறது, செய்தவர் பெயர் இல்லை. படிப்பவர் கமாவைத் தாண்டியதும் அந்த ஆளைத் தேடுகிறார். முதலில் எதிர்ப்படும் பெயர்ச்சொல்லை அந்தத் தொடர் பிடித்துக்கொள்கிறது, திருவிழாக் கூட்டத்தில் கைவிட்டுப்போன குழந்தை பக்கத்தில் நிற்பவர் வேட்டியைப் பிடித்துக்கொள்வது போல. வேட்டிக்காரர் அப்பாவாக இருந்தால் சரி.

திருத்தம்: கமாவுக்கு அடுத்து உண்மையான ஆளைக் கொண்டுவந்து நிறுத்துங்கள். ‘ஆஃப்டர் ஃபாஸ்டிங் ஓவர்நைட், த பேஷன்ட்ஸ் ஹேட் தேர் ப்ளட் ட்ரான்.’ அல்லது முன்பாதிக்குள்ளேயே ஆளை நுழையுங்கள். ‘ஆஃப்டர் த பேஷன்ட்ஸ் ஹேட் ஃபாஸ்டட் ஓவர்நைட், த நர்ஸ் ட்ரூ ப்ளட்.’ எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும். முதலாவதில் நர்ஸ் காணாமல் போய்விடுகிறார். சில கட்டுரைகளில் எடுத்தவர் யார் என்பதும் முக்கியம்.

‘தமிழில் தொல்லையே இல்லை’ என்றீர்களே, அதற்கு நாளைக்கு வருகிறேன். தூக்கம்.

ஜூன் 3, காலை 6.30

சுத்தமான பசு நெய்.

எது சுத்தம், பசுவா நெய்யா? கடை போர்டில் தினமும் படிக்கிறோம், ஒருநாளும் பசுவைக் குளிப்பாட்டினார்களா என்று கேட்டதில்லை. பழைய புத்தகக் கடை: புத்தகம் பழையதா, கடை பழையதா? புதிய அமைச்சரின் வீடு: பதவியேற்றது புதிதா, கிரகப்பிரவேசம் புதிதா? அடை (மாடிஃபையருக்கு அதுதான் நம் பழைய பெயர், அவியலைத் தேட வேண்டாம்) நமக்கும் வழுக்கும். நாம் பொருளை வைத்துச் சமாளித்துக்கொள்கிறோம். ஆங்கிலேயரும் அப்படித்தான் சமாளிக்கிறார்கள்.

ஜூன் 3, இரவு 9.15

அலுவலகத்திலிருந்து வந்ததும் நன்னூலை எடுத்துப் பார்த்தேன். நீங்கள் தேர்வுக்குப் படிக்கும் விதிக்கு மிக நெருக்கமான ஒன்று அதில் இருக்கிறது. செய்து, செய்பு மாதிரியான வினையெச்சங்கள் வினைமுதலைக் கொண்டுதான் முடிய வேண்டும் என்கிறார் நன்னூலை எழுதிய பவணந்தியார். அதாவது எச்சத்தைச் செய்தவரும் முற்றுவினையைச் செய்தவரும் ஒரே ஆள். ‘முருகன் வந்து உட்கார்ந்தான்.’ வந்தவனும் முருகன், உட்கார்ந்தவனும் முருகன். தொல்காப்பியத்திலும் ‘முதனிலை மூன்றும் வினைமுதல் முடிபின’ என்று இதே கருத்து உண்டு. டாங்ளிங் பார்ட்டிசிப்பிள் (தொங்கும் எச்சம்) என்று ஆங்கில இலக்கணக்காரர்கள் திட்டுவது, இந்த வினைமுதல் ஒற்றுமை உடைந்த தொடரைத்தான்.

நம் இலக்கணக்காரர்கள் விதியோடு நிற்கவில்லை, விலக்கும் வைத்தார்கள். ‘சினைவினை சினையொடும் முதலொடும் செறியும்.’ கால் ஒடிந்து விழுந்தான். ஒடிந்தது கால், விழுந்தது அவன். கால் அவனுடைய உறுப்பு என்பதால் அது செல்லும். இன்னொன்று, உரையாசிரியர்கள் திரும்பத் திரும்பக் காட்டும் ‘ஞாயிறு பட்டு வந்தான்.’ சூரியன் மறைந்தது, இவன் வந்தான். இரண்டு வினைமுதல். அதையும் எச்சத்திரிபு என்று சொல்லி ஏற்றுக்கொண்டார்கள். ‘மழை பெய்து குளம் நிறைந்தது’ என்று நாம் தினமும் பேசுவதும் இந்தக் கணக்கில்தான்.

ஆகவே நீங்கள் சொன்னதில் கால்வாசி நியாயம் இருக்கிறது. விதி நமக்கும் உண்டு, ஆனால் நம் விதியில் ஆங்கிலத்தைவிடக் கதவுகள் அதிகம். அந்தக் கதவு வழியாகவே ஆங்கிலத்துக்குள்ளும் நடந்து போய்விடுகிறோம். அங்கே சுவர்.

ஜூன் 4, காலை 7.05

மேலே எழுதியதில் முக்கியமான கதவை விட்டுவிட்டு எழுதியிருக்கிறேன் என்று பஸ்ஸில் தோன்றியது. கால் ஒடிவதும் சூரியன் சாய்வதுமான வாக்கியங்கள் தினசரி வருவதில்லை. தினசரி வருவது ‘எனக்கு’.

எனக்குப் பசிக்கிறது. எனக்குத் தலை வலிக்கிறது. எனக்குப் பிடித்திருந்தது. எனக்கு அழுகை வந்தது. இவற்றில் அனுபவிப்பவர் நான், ஆனால் நான் எழுவாய் இல்லை. எழுவாய் தலையோ அழுகையோ, அல்லது ஒன்றுமே இல்லை. இந்த ‘எனக்கு’வோடு வினையெச்சம் தாராளமாகச் சேரும். ‘செய்தியைக் கேட்டு எனக்கு அழுகை வந்துவிட்டது.’ கேட்டது நான், வந்தது அழுகை. தமிழ்க் காதுக்கு ஒரு சின்ன நெருடல்கூடக் கிடையாது.

இதே சிந்தனையோடு ஆங்கிலம் எழுதும்போது: ‘ஹியரிங் த நியூஸ், டியர்ஸ் கேம் டு மை ஐஸ்.’ கண்ணீர் செய்தியைக் கேட்டது. ‘சீயிங் த பில், மை ஹெட் ஸ்டார்ட்டட் ஸ்பின்னிங்.’ தலை பில்லைப் பார்த்தது. ‘ட்ராவலிங் பை பஸ், மை பேக் இஸ் பெயினிங்.’ முதுகு மட்டும் பஸ்ஸில் போயிருக்கிறது.

தமிழ்நாட்டுக் கட்டுரையாளர்கள் எழுதும் ஆங்கிலத்தில் நான் அதிகமாகத் திருத்துவது இந்த ரகம். இதைப் படிப்பறிவுக் குறை என்று எடுத்துக்கொள்வது தப்பு. எழுதியவர்களில் பலர் என்னைவிட நன்றாக ஆங்கிலம் பேசுபவர்கள். மனதுக்குள் இருக்கும் வாக்கியத்தில் ‘எனக்கு’ இருக்கிறது, ஆங்கிலத்தில் கொண்டுபோய் வைக்கும்போது அது உதிர்ந்துவிடுகிறது. ‘மை’ என்று தலைக்கும் முதுகுக்கும் முன்னால் ஒரு துணுக்காக ஒட்டிக்கொள்கிறது. ஆங்கில இலக்கணத்துக்கு அந்த ‘மை’ போதாது, ‘ஐ’ நேரில் வர வேண்டும்.

நீங்கள் சுலப வழி கேட்டீர்கள். தமிழராக இருந்தால் இதைவிடச் சுலபம் எனக்குத் தெரியவில்லை. ‘-இங்’ என்று ஒரு தொடரில் ஆரம்பித்துவிட்டால், நீங்கள் சொல்ல வருவதைத் தமிழில் ஒருமுறை மனதுக்குள் ஓட்டுங்கள். அதில் எனக்கு, அவருக்கு, நோயாளிக்கு என்று ‘கு’ வந்தால் பிரேக் போடுங்கள். அந்த ‘கு’வுக்கு உரியவரை ஆங்கிலத்தில் எழுவாயாக்குங்கள். ‘ஹியரிங் த நியூஸ், ஐ பர்ஸ்ட் இன்டு டியர்ஸ்.’ முடிந்தது.

ஜூன் 4, பகல் 1.20

சாப்பாட்டு நேரத்தில் ஒன்று. என் வங்கியிலிருந்து வந்த மின்னஞ்சல்: ‘அஸ் எ வேல்யூட் கஸ்டமர், வி ஆர் ப்ளீஸ்ட் டு ஆஃபர் யூ எ லோன்.’ மதிப்புக்குரிய வாடிக்கையாளராகிய நாங்கள் உங்களுக்குக் கடன் தருகிறோம். அவர்களே வாடிக்கையாளர் என்றால் கடனையும் அவர்களே வாங்கி அவர்களே கட்டட்டும்.

‘-இங்’ இல்லாமலும் தொங்கும் என்பதற்காக இதைப் போடுகிறேன். ‘அஸ் எ’ என்று ஆரம்பித்தாலும் கமாவுக்கு அடுத்து வருபவர்தான் அந்த ‘அஸ் எ’.

ஜூன் 5, இரவு 11.00

வேலை தேடும் மருமகன் ஒருவன் விண்ணப்பக் கடிதத்தை அனுப்பிப் பார்க்கச் சொன்னான். ‘ஹேவிங் ஃபைவ் இயர்ஸ் ஆஃப் எக்ஸ்பீரியன்ஸ், யுவர் கம்பெனி வில் பெனிஃபிட் ஃப்ரம் மை ஸ்கில்ஸ்.’

“மாமா, கம்பெனி பேரை முதல்ல போட்டா மரியாதையா இருக்கும்னு நினைச்சேன்” என்றான். மரியாதை எல்லாம் சரி, ஐந்து வருட அனுபவத்தையும் கம்பெனிக்கே தூக்கிக் கொடுத்துவிட்டாயே என்றேன். ‘ஐ பிரிங் ஃபைவ் இயர்ஸ் ஆஃப் எக்ஸ்பீரியன்ஸ்’ என்று நேராக ஆரம்பித்தால் தொங்குவதற்கே எதுவும் இல்லை. முன்னால் ஒரு தொடர், கமா, பின்னால் ஒரு தொடர் என்று எழுதினால்தான் ‘ஹை இங்கிலீஷ்’ என்று பள்ளியில் யாரோ சொல்லிக்கொடுத்துவிடுகிறார்கள். தொங்கும் தொடர்களில் நிறைய அந்த அலங்கார ஆசையில் பிறந்தவை.

ஜூன் 6, காலை 6.50

‘ஒன்லி’ பற்றி ஒருவர் கேட்டிருக்கிறார். இது தொங்குவதில்லை, இடம் மாறி உட்காருவது. ‘ஐ ஒன்லி சா ரவி அட் த பஸ் ஸ்டாண்ட்.’ ரவியை மட்டும் பார்த்தேனா, பார்க்க மட்டும் செய்தேனா (பேசவில்லை), பஸ் ஸ்டாண்டில் மட்டும் பார்த்தேனா? தமிழில் மட்டும், தான் எல்லாம் எந்தச் சொல்லைக் குறிக்கிறதோ அதன் முதுகிலேயே ஏறிக்கொள்ளும். ரவியை மட்டும். பஸ் ஸ்டாண்டில்தான். ஆங்கிலத்தில் அது வினைக்கு முன்னால் போய் உட்கார்ந்துகொண்டு தூரத்திலிருந்து விரல் நீட்டும்.

கறாரான ஆசிரியர்கள் ‘ஒன்லி’யைக் குறிக்கும் சொல்லுக்குப் பக்கத்திலேயே வை என்பார்கள். தேர்வில் அப்படியே செய்யுங்கள். ஆனால் 1926-இலேயே, ஆங்கில வழக்கு அகராதி எழுதிய ஃபௌலர் இந்தக் கெடுபிடியைக் கிண்டல் செய்துவிட்டார். ‘ஹி ஒன்லி டைட் எ வீக் அகோ’ என்று எழுதினால், இறந்ததைவிடப் பெரிதாக அந்த ஆள் வேறு என்னதான் செய்துவிட முடியும் என்று கேட்டு மடக்குபவர்கள் இருந்தார்கள். ‘போன வாரம்தான் இறந்தார்’ என்பது எல்லாருக்கும் புரியும்போது எதற்கு இந்த வம்பு என்பது ஃபௌலரின் கட்சி. ஆங்கிலத்தின் இயல்பான ஓட்டத்தில் ‘ஒன்லி’ வினைக்கு முன்னால்தான் வரும்.

நான் பேச்சிலும் கடிதத்திலும் ஃபௌலர் பக்கம். மருந்தளவு வரும் வாக்கியத்தில் கறார் ஆசிரியர் பக்கம். ‘த ட்ரக் வாஸ் ஒன்லி கிவன் டு அடல்ட்ஸ் அட் நைட்’ என்று வந்தால், பெரியவர்களுக்கு மட்டுமா, இரவில் மட்டுமா என்று தெரியாமல் அடுத்த வரிக்கு நகர மாட்டேன்.

ஜூன் 6, காலை 7.00

அப்புறம் மாறுகண் ரகம் ஒன்று உண்டு. ‘ஸ்டூடன்ட்ஸ் ஹூ மிஸ் க்ளாஸஸ் ஆஃபன் ஃபெயில்.’ நடுவில் நிற்கும் ‘ஆஃபன்’ இரண்டு பக்கமும் பார்க்கிறது. அடிக்கடி வகுப்புக்கு மட்டம் போடுபவர்களா, மட்டம் போடுபவர்கள் அடிக்கடி தோற்கிறார்களா? ‘ஆஃபன்’ஐ ‘மிஸ்’ஸுக்கு முன்னால் தள்ளுங்கள், ஒரு பக்கம்தான் பார்க்கும்.

ஜூன் 8, இரவு 10.10

‘பெரிய எழுத்தாளர்கள் எல்லாம் இப்படி எழுதியிருக்கிறார்களே’ என்று கேட்டவருக்கு: ஆமாம், எழுதியிருக்கிறார்கள். ஹேம்லெட்டின் அப்பா ஆவியாக வந்து, தான் செத்த கதையாக ஊரில் பரப்பியிருப்பதைச் சொல்கிறாரே, ‘ஸ்லீப்பிங் இன் மை ஆர்ச்சர்ட், எ சர்பன்ட் ஸ்டங் மீ.’ இலக்கணப்படி தோட்டத்தில் தூங்கியது பாம்பு. தூங்கிக்கொண்டே கடித்தும் இருக்கிறது. மேடையில் அதைக் கேட்ட யாருக்கும் குழப்பம் வந்திருக்காது. பேசுவது ராஜா, தூங்கியதும் ராஜா, ‘மை’யும் ‘மீ’யும் வேலையைப் பார்த்துக்கொள்கின்றன. நம் செய்தியைக் கேட்டு அழுகை வந்த கதைதான். ஷேக்ஸ்பியருக்கு நம் பஸ்ஸில் இடம் கொடுக்கலாம்.

கார்னெல் பல்கலைக்கழகத்தில் வில்லியம் ஸ்ட்ரங்க் 1918-இல் தன் மாணவர்களுக்காக எழுதிய சின்னக் கையேட்டில் இதற்கு ஓர் உதாரணம் உண்டு. ‘பீயிங் இன் எ டிலாபிடேட்டட் கண்டிஷன், ஐ வாஸ் ஏபிள் டு பை த ஹவுஸ் வெரி சீப்.’ இடிந்து விழுகிற நிலையில் நான் இருந்ததால் வீடு மலிவாகக் கிடைத்தது. உதாரணம் நூறு வருடத்துக்கு மேலாகச் சிரிப்பு மூட்டுகிறது. ஆனால் இதிலும் யாரும் ஏமாறவில்லை என்பதைக் கவனியுங்கள்.

இன்னொரு பக்கமும் சொல்லிவிடுகிறேன். ‘கன்சிடரிங்’, ‘ரிகார்டிங்’, ‘கன்சர்னிங்’ எல்லாம் ஒருகாலத்தில் இதேபோல வினையெச்ச வேலை பார்த்தவை. இப்போது தனி முன்னிடைச்சொற்களாக (ப்ரெபொசிஷன்) பதவி உயர்வு பெற்றுவிட்டன. ‘கன்சிடரிங் ஹிஸ் ஏஜ், ஹி ரன்ஸ் வெல்’ என்றால் அவனே தன் வயதை உட்கார்ந்து யோசிக்கிறான் என்று யாரும் சண்டைக்கு வருவதில்லை. ‘ஜெனரலி ஸ்பீக்கிங்’கும் அப்படித்தான். பதவி உயர்வு எப்போது வந்தது என்று தேதி போட முடியாது. ‘பேஸ்ட் ஆன்’ இப்போது பாதி வழியில் நிற்கிறது. அதை விடாமல் திருத்தும் எடிட்டர்களும் உண்டு, கண்டுகொள்ளாதவர்களும் உண்டு. ‘பேஸ்ட் ஆன் தீஸ் ரிசல்ட்ஸ், வி கன்க்ளூட்’ என்று வந்தால் நான் விட்டுவிடுவேன். மேலதிகாரி விடமாட்டார். அவர் ஊரில் இல்லாத வாரங்களில் அது பிழைத்துக்கொள்ளும்.

ஜூன் 9, இரவு 9.30

‘யூசிங்’. இதற்குத் தனிக் குறிப்பு வேண்டும், அறிவியல் கட்டுரைகளில் தொங்குவதில் அதுதான் ராஜா.

‘யூசிங் எ சென்ட்ரிஃப்யூஜ், த சாம்பிள்ஸ் வேர் செபரேட்டட்.’ மாதிரிகள் தாமே சுழற்றிப் பிரிக்கும் மெஷினைப் பயன்படுத்திக்கொண்டன. காரணம் செயப்பாட்டுவினை. ஆராய்ச்சிக்காரர்கள் ‘நாங்கள் செய்தோம்’ என்று எழுதக் கூச்சப்பட்டு ‘செய்யப்பட்டது’ என்று எழுதிப் பழகிவிட்டார்கள். செய்தவரை வாக்கியத்திலிருந்து கழற்றிவிட்டால் ‘யூசிங்’குக்குப் பிடிக்க ஆள் ஏது? உளவியல் துறை பரவலாகப் பின்பற்றும் ஏபிஏ நடைக் கையேடு இதற்கென்றே இடம் ஒதுக்கி, ‘நான்’, ‘நாங்கள்’ என்று ஆளைச் சொல்லி எழுது என்கிறது.

கை வேலையாகச் செய்வது மூன்று. ‘வி’ போடலாம்: ‘யூசிங் எ சென்ட்ரிஃப்யூஜ், வி செபரேட்டட் த சாம்பிள்ஸ்.’ இதழ் ‘வி’யை ஒப்புக்கொள்ளாவிட்டால் ‘யூசிங்’கைத் தூக்கிவிட்டு ‘வித்’ போட்டு, வாக்கியக் கடைசிக்குக் கொண்டுபோகலாம்: ‘த சாம்பிள்ஸ் வேர் செபரேட்டட் வித் எ சென்ட்ரிஃப்யூஜ்.’ மூன்றாவது, ‘பை யூசிங்’ என்று முன்னால் ஒரு ‘பை’ ஒட்டுவது. அது சோம்பேறித் திருத்தம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் நானும் ஒட்டியிருக்கிறேன்.

சரி, இதுவரை சொன்னதெல்லாம் எடிட்டரே கை வைத்துவிடக்கூடியவை. கை வைக்கக் கூடாதவை உண்டு. புற்றுநோய்க் கட்டுரை ஒன்றில் இந்த மாதிரி: ‘ட்யூமர் செல்ஸ் வேர் இன்ஜெக்டட் இன்டு த மைஸ் ஆஃப்டர் பீயிங் ட்ரீட்டட் வித் த ட்ரக்.’ மருந்து கொடுத்தது செல்களுக்கா, எலிகளுக்கா? இலக்கணப்படி கேட்டால் எழுவாயான செல்களுக்கு. பக்கத்தில் நிற்பது எலி. செல்களை மருந்தில் ஊறவைத்துவிட்டு எலிக்குள் செலுத்துவது ஒரு சோதனை. எலிக்கு முன்கூட்டியே மருந்து கொடுத்துவிட்டுச் செல்களைச் செலுத்துவது வேறு சோதனை. முதலாவது, மருந்து செல்லை என்ன செய்கிறது என்று பார்ப்பது. இரண்டாவது, மருந்து ஏறிய உடம்பில் கட்டி பிடிக்கிறதா என்று பார்ப்பது. படித்துவிட்டு அதே சோதனையைத் திரும்பச் செய்ய நினைப்பவர் தப்பானதைச் செய்து, முடிவு பொருந்தவில்லை என்று மண்டையை உடைத்துக்கொள்வார்.

இங்கே என் இலக்கண அறிவு பத்து பைசாவுக்குப் பிரயோசனமில்லை. செய்யக்கூடியது ஆத்தர் க்வெரி (எழுதியவருக்கு அனுப்பும் கேள்வி) ஒன்று போடுவதுதான். அதிலும் ‘டாங்ளிங் மாடிஃபையர், தயவுசெய்து சரிபார்க்கவும்’ என்று போடும் புதுப் பிள்ளைகளுக்கு நான் சொல்வது, அப்படிப் போட்டால் ‘ஓகே’ என்று ஒற்றைச் சொல்லில் பதில் வரும். எதற்கு ஓகே என்று உனக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. ‘மருந்து தரப்பட்டது செல்களுக்கா எலிகளுக்கா?’ என்று கேள். இரண்டு வாக்கியத்தையும் நீயே எழுதிக் கொடுத்து, ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல். ஊசி போட்டவருக்கு மட்டும்தான் விடை தெரியும்.

ஜூன் 9, இரவு 9.50

மேலே சொன்னதால் முதல் நாள் நர்ஸ் விஷயத்தைக் கொஞ்சம் இறுக்க வேண்டும். ஆளைக் கொண்டுவந்து நிறுத்துங்கள் என்றேன். ஆள் யார் என்று நிச்சயமாகத் தெரிந்தால் மட்டும். தேர்வில் விடை நான்கு தேர்வுகளுக்குள் இருக்கும், வேலையில் அது எழுதியவர் தலைக்குள் இருக்கும்.

ஜூன் 10, இரவு 11.30

‘இதெல்லாம் கோர்ட்டுக்குப் போகுமா’ என்று ஒரு வக்கீல் நண்பர் சிரித்துக்கொண்டே கேட்டார். போயிருக்கிறது, அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரைக்கும், ஒருமுறை இல்லை.

2009: பிறருடைய அடையாள எண்ணைத் ‘தெரிந்தே’ பயன்படுத்தினால் கூடுதலாக 2 வருடம் சிறை என்கிறது சட்டம். ஒரு தொழிற்சாலைத் தொழிலாளி போலி எண் கொடுத்தார். எண் போலி என்று அவருக்குத் தெரியும். அது நிஜமாகவே வேறொருவருடைய எண் என்று தெரியுமா? ‘நோயிங்லி’ என்ற சொல் ‘பயன்படுத்தினால்’ என்பதோடு நிற்கிறதா, ‘பிறருடைய’ வரைக்கும் கை நீட்டுகிறதா என்பதுதான் வழக்கு. கை நீட்டும் என்றது நீதிமன்றம். பிறருடையது என்று அவருக்குத் தெரிந்திருந்ததை அரசுத் தரப்பு நிரூபிக்க வேண்டும். நம் ‘தெரிந்தே’யை அதே இடத்தில் வைத்துப் பாருங்கள், அதே சந்தேகம் வரும்.

2016: ஒரு சட்டப் பிரிவில் பாலியல் குற்றங்கள் மூன்றை வரிசையாகச் சொல்லிவிட்டு, கடைசியில் ‘சிறார் சம்பந்தப்பட்ட’ என்று பொருள்படும் அடை வருகிறது. குற்றவாளிக்கு முன்பு கிடைத்த தண்டனை வயதுவந்த பெண் தொடர்பானது. அடை மூன்றுக்கும் பொருந்தினால் அவர் தப்பிக்கலாம், கடைசிக்கு மட்டும் என்றால் குறைந்தபட்சம் 10 வருடம். கடைசிக்கு மட்டும்தான் என்று 6-2 கணக்கில் தீர்ப்பு. எழுதியவர் நீதிபதி சோட்டோமேயர். மாறுபட்ட தீர்ப்பில் நீதிபதி கேகன் கேட்ட கேள்வி எனக்கு மிகவும் பிடித்தது: ஒரு தோழி, இன்ன படத்தில் வேலை செய்த நடிகரையோ இயக்குநரையோ தயாரிப்பாளரையோ சந்திக்க ஆசை என்றால், நடிகர் எந்தப் படத்துக்காரராக இருந்தாலும் பரவாயில்லை என்றா புரிந்துகொள்வீர்கள்?

2021: ஃபேஸ்புக் வழக்கு. தானாக எண்களைச் சுழற்றி அழைக்கும் கருவி எது என்று 1991 சட்டம் வரையறுக்கிறது: எண்களைச் சேமிக்கவோ உருவாக்கவோ திறனுள்ளது, பிறகு ஒரு கமா, பிறகு ‘யூசிங் எ ராண்டம் ஆர் சீக்வென்ஷியல் நம்பர் ஜெனரேட்டர்’. நம் பழைய சினேகிதர் ‘யூசிங்’தான். அது ‘உருவாக்க’வுக்கு மட்டுமா, ‘சேமிக்க’வுக்கும் சேர்த்தா? இரண்டுக்கும் என்றது நீதிமன்றம், ஃபேஸ்புக் தப்பித்தது. எழுதியவர் அதே சோட்டோமேயர்! ஐந்து வருடத்துக்கு முன் கடைசிச் சொல்லுக்கு மட்டும், இப்போது எல்லாவற்றுக்கும். முரண் என்று அவசரப்பட வேண்டாம். இரண்டு வாக்கியங்களின் கட்டமைப்பும் வேறு. இதில் அந்தக் கமா இருந்தது, முன்னதில் இல்லை.

ஒரு சின்ன அவதானம். ஆங்கிலத்தில் இந்த அடைகள் வரிசைக்குப் பின்னால் வருவதால் கடைசிச் சொல்லிடம் ஒட்டுகின்றன. தமிழில் முன்னால் வருவதால் முதல் சொல்லிடம் ஒட்டும். ‘அந்தப் படத்தில் வேலை செய்த நடிகர், இயக்குநர் அல்லது தயாரிப்பாளர்’ என்றால் சந்தேகம் தயாரிப்பாளர் மேல் விழும், நடிகர் பிழைத்தார். அதனால் ஆங்கிலச் சட்ட வாசகத்தைத் தமிழாக்கும்போது சந்தேகத்தை அப்படியே காப்பாற்றவும் முடியாது, நீக்கவும் உரிமை இல்லை. வக்கீல் நண்பரே, இதற்கு உங்கள் ஆட்கள் என்ன செய்கிறார்கள்? சும்மா சிரிக்காமல் எழுதுங்கள்.

ஜூன் 13, காலை 6.40

வக்கீல் எழுதவில்லை. வேறொருவர் நல்ல கேள்வி போட்டிருக்கிறார். ‘பீயிங் எ சண்டே, த பேங்க் வாஸ் க்ளோஸ்ட்’ என்று நாம் எல்லாரும் எழுதுகிறோமே, அதுவுமா?

அதுவும்தான். வங்கி ஞாயிற்றுக்கிழமையாக இருந்தது என்று ஆகிறது. பள்ளிகளில் தலைமுறை தலைமுறையாகப் புழங்கும் இலக்கணப் புத்தகத்தில் இதற்கு மருந்து ஒரு ‘இட்’: ‘இட் பீயிங் எ சண்டே, த பேங்க் வாஸ் க்ளோஸ்ட்.’ முன்பாதிக்குச் சொந்தமாக ஓர் எழுவாய் கிடைத்துவிட்டது, யார் வேட்டியையும் பிடிக்க வேண்டாம். நம் ‘ஞாயிறு பட்டு வந்தான்’ நிற்கும் அதே நிலை. பட்டது ஞாயிறு என்று உள்ளேயே சொல்லியிருப்பதால் அந்தத் தொடர் தொங்கவில்லை. ஆங்கிலத்திலும் ‘த சன் ஹேவிங் செட், ஹி கேம் ஹோம்’ என்றால் சுத்தமான இலக்கணம். ஆக அங்கேயும் ஒரு சின்னக் கதவு உண்டு, உள்ளே போகிறவர் தன் எழுவாயைக் கையில் பிடித்துக்கொண்டு போக வேண்டும்.

தேர்வில் ‘இட் பீயிங்’ எழுதுங்கள். மற்ற இடத்தில் ‘த பேங்க் வாஸ் க்ளோஸ்ட் பிகாஸ் இட் வாஸ் சண்டே’ போதும். இந்தக் காலத்தில் ‘இட் பீயிங்’ என்று கடிதம் எழுதினால் கோட்டும் தலைப்பாகையும் போட்டுக்கொண்டு டீக்கடைக்குப் போனமாதிரி இருக்கும்.

ஜூன் 13, இரவு 10.20

முதலில் கேட்டவர் பயிற்சிக்கு வாக்கியங்கள் அனுப்பி, எது தப்பு என்று கேட்டிருக்கிறார். விடைகள்:

‘டயர்ட் ஆஃப்டர் த ஜர்னி, த பெட் லுக்டு இன்வைட்டிங்.’ தப்பு. களைத்தது கட்டில். தமிழில் ஓட்டிப் பாருங்கள், ‘எனக்கு’ ஒளிந்திருக்கும். ‘டயர்ட் ஆஃப்டர் த ஜர்னி, ஐ ஃபெல் இன்டு பெட்.’

‘டு பாஸ் த எக்ஸாம், ஹார்ட் வொர்க் இஸ் நீடட்.’ தேர்வு எழுதப்போவது கடின உழைப்பு. வினாத்தாளில் வந்தால் தப்பு என்று குறியுங்கள், ‘யூ நீட் டு வொர்க் ஹார்ட்’ என்று திருத்துங்கள். தினசரியில் வந்தால் நான் பேனாவை எடுக்க மாட்டேன்.

‘ஹி சோல்ட் த கார் டு எ மேன் வித் எ ப்ரோக்கன் டோர்.’ கதவு உடைந்த மனிதர். ‘வித் எ ப்ரோக்கன் டோர்’ஐ காருக்குப் பக்கத்தில் நகர்த்துங்கள், வேறு ஒன்றும் தேவையில்லை.

‘த போலீஸ் காட் த தீஃப் ரன்னிங் த்ரூ த மார்க்கெட்.’ இதில் பிழை இல்லை. ஓடியது திருடன் என்றுதான் வாக்கியம் சொல்கிறது. ஓடியது போலீஸ் என்று சொல்ல நினைத்திருந்தால் மட்டும் பிழை. வினாத்தாளில் எந்தப் பதிலைச் சரி என்று போட்டிருக்கிறார்கள்? பார்த்துச் சொல்லுங்கள். போலீஸ் என்று இருந்தால் அந்தப் புத்தகத்தை மாற்றிவிடுங்கள்.